மருத்துவரின் பாலிசி, நோயாளியின் உரிமை



மருத்துவர்கள் தங்கள் தொழிலுக்காக எடுத்துக்கொள்ளும் பொறுப்புக் காப்பீடு பற்றி இன்று பேசப்போகிறேன். இன்டெம்னிட்டி பாலிசி என்று மருத்துவர்கள் தங்களுக்குள் குறிப்பிடுவது இதைத்தான். சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்ததாக நோயாளியோ குடும்பத்தாரோ வழக்குத் தொடுத்தால், வழக்குச் செலவையும் நீதிமன்றமோ நுகர்வோர் ஆணையமோ விதிக்கும் இழப்பீட்டையும் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் சாரம். இதைப் பற்றிய பேச்செல்லாம் எவ்வளவு தொகைக்கு எடுப்பது, எந்த நிறுவனத்தில் எடுப்பது, பிரீமியம் எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்விகளை மருத்துவர்கள் முகவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். பொதுமேடையில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் காப்பீடு யாருக்காக இருக்க வேண்டும் என்பது. பாலிசி மருத்துவரின் பெயரில் இருந்தாலும் அதன் பயன் போய்ச்சேர வேண்டிய இடம் பாதிக்கப்பட்ட நோயாளிதான். அப்படிப் போய்ச்சேருமாறு அதைச் சட்டப்படி கட்டாயமாக்கி, விரைவாகப் பணம் தரும் ஏற்பாடாக மாற்றினால்தான் மருத்துவருக்கும் அது மெய்யான பாதுகாப்பாக இருக்கும். இதுவே என் வாதம்.

முதலில் இன்றைய பாலிசி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒருவர் எடுக்கும் காப்புத் தொகைக்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒரு சம்பவத்துக்கு அதிகபட்சம் இவ்வளவு, ஓர் ஆண்டில் எல்லாச் சம்பவங்களுக்கும் சேர்த்து இவ்வளவு என்று அவை பிரிந்திருக்கும். பொது மருத்துவருக்கு ஒரு பிரீமியம், அறுவை சிகிச்சை செய்பவருக்கும் மயக்க மருத்துவருக்கும் அதைவிடக் கூடுதல் பிரீமியம். பெரும்பாலான பாலிசிகள், வழக்கு எப்போது வருகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டவை. சிகிச்சை நடந்த காலத்தில் பாலிசி இருந்தால் மட்டும் போதாது. கோரிக்கை வந்து சேரும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். ஓய்வு பெற்றுப் பாலிசியைக் கைவிட்ட மருத்துவர்மீது பழைய சிகிச்சைக்காக வழக்கு வந்தால், அவர் அத்தனை ஆண்டுகள் கட்டிய பிரீமியத்துக்கு அன்று பயனில்லை. குற்றச்செயல், போதையில் அளித்த சிகிச்சை, அபராதம், தண்டனையாக விதிக்கப்படும் தொகை ஆகியவை பொதுவாகக் காப்புக்கு வெளியே நிற்பவை. அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சையையும் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. இன்னொரு நிபந்தனையும் உண்டு. நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதமின்றி மருத்துவர் தம் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது. இந்த விதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பாலிசியில் நோயாளிக்கென்று எந்த இடமும் இல்லை. அவர் இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவர். மருத்துவர் பாலிசி எடுத்திருக்கிறாரா, அது காலாவதியாகிவிட்டதா, தொகை போதுமா என்று எதுவும் அவருக்குத் தெரிய வழியில்லை.

இந்தியாவில் இந்தப் பாலிசிகளுக்குத் தேவை பெருகிய வரலாறும் இதே கோணலைத்தான் காட்டுகிறது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவைக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு, 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் பொருந்தும் என்று விடை சொன்னது. கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களும் வந்தன. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் மட்டும் வெளியே நின்றன. 2019இல் புதிய நுகர்வோர் சட்டம் வந்தபிறகும் இந்த நிலை மாறவில்லை. மறுபக்கம் குற்றவியல் சட்டம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின்கீழ் மருத்துவர்கள் கைது செய்யப்படுவது பற்றி, 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. குற்றவழக்கு என்று வந்தால் அலட்சியம் மிக மோசமான அளவில் இருக்க வேண்டும். வேறொரு தகுதிவாய்ந்த மருத்துவரின், கூடுமானவரை அரசு மருத்துவரின், நடுநிலையான கருத்தைப் பெறாமல் நடவடிக்கையில் இறங்கக் கூடாது. வழக்குப் பதிந்ததாலேயே வழக்கமான முறையில் கைது செய்யக் கூடாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டுவரை சிறை என்று சொல்லி, பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டாண்டுவரை என்று வைத்திருக்கிறது. முப்பது ஆண்டு காலச் சட்ட விவாதம் முழுவதும் மருத்துவரை எந்த அளவுக்குத் தண்டிக்கலாம் என்பதையே சுற்றி வந்திருக்கிறது. நோயாளிக்குப் பணம் எப்போது, யாரிடமிருந்து, எவ்வளவு விரைவாக வரும் என்பது ஓரத்தில் கிடக்கிறது.

அந்த ஓரத்தில் என்ன நடக்கிறது என்பதை இரண்டு வழக்குகளைக் கொண்டு பார்க்கலாம். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில், 29ஆவது வாரத்திலேயே குறைப்பிரசவமாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையைச் சில வாரங்களுக்குள் பரிசோதித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பார்வை போகும் ஆபத்து உண்டு. அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை, பெற்றோருக்கு எடுத்துச் சொல்லப்படவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் வழங்கியது 5 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தித் தீர்ப்பளித்தபோது ஆண்டு 2015. கைக்குழந்தைக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவி, அவள் பத்தொன்பது வயதை எட்டும்போது வந்தது. இரண்டாவது, கொல்கத்தாவில் 1998இல் இறந்த ஒரு பெண்ணின் வழக்கு. 2013இல் உச்ச நீதிமன்றம் வட்டி நீங்கலாகவே சுமார் 6 கோடி ரூபாய் விதித்தது. அதில் மூன்று மருத்துவர்கள் தர வேண்டியது முறையே 10, 10, 5 லட்சம். மீதி முழுவதும் மருத்துவமனையின் பொறுப்பு. எழும்பூர் வழக்கிலும் பெரும்பங்கு அரசின் தலையில்தான் விழுந்தது. இவற்றிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. வழக்கில் வென்றவர்கூடப் பதினைந்து, இருபது ஆண்டுகள் காத்திருக்கிறார். கடைசியில் பணம் தருவது பெரும்பாலும் நிறுவனம்தான். ஆனால் அத்தனை ஆண்டுகளும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் நிற்பவர் தனிமனிதரான மருத்துவர்.

வெற்றிபெற்ற வழக்குகள் கண்ணில் படுகின்றன. வழக்கே போடாதவர்கள் கண்ணில் படுவதில்லை. அவர்கள் எத்தனை பேர் என்பதை அளக்க முயன்ற ஆய்வுகளில் புகழ்பெற்றது, அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்தியது. நியூயார்க் மாநிலத்தின் 51 மருத்துவமனைகளில் 1984ஆம் ஆண்டில் சேர்ந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஆவணங்களை அவர்கள் புரட்டிப் பார்த்தார்கள். உள்நோயாளிகளில் 3.7 சதவீதம் பேருக்குச் சிகிச்சையால் பாதிப்பு நேர்ந்திருந்தது. அந்தப் பாதிப்புகளில் கால்பங்குக்குச் சற்று மேலானவை கவனக்குறைவால் வந்தவை. அப்படிக் கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர்களில் இழப்பீடு கேட்டுப் போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வழக்குப் போடுவதில் உலகத்துக்கே முன்னோடி என்று பெயரெடுத்த நாட்டிலேயே நிலை இதுதான். 2006இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, முடிந்துபோன 1,452 கோரிக்கைகளை ஆராய்ந்தது. அவற்றில் 37 சதவீதத்தில் மருத்துவரிடம் தவறே இல்லை. நோயாளிகளுக்குச் சேர்ந்த ஒவ்வொரு டாலருக்கும் 54 சென்ட் வழக்கறிஞர், நிபுணர், நிர்வாகம் என்று வேறு கைகளுக்குப் போயிருந்தது. தவறால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வழக்குக்கே வருவதில்லை, வந்த வழக்குகளிலோ கணிசமானவற்றில் தவறு இல்லை. தவறை நிரூபித்தால்தான் பணம் என்ற முறை, தவறை அடையாளம் காணும் அதன் சொந்த வேலையைக்கூட ஒழுங்காகச் செய்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் மாற்று என்ன? அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, அதுவும் ஏழைகள் வந்து நிற்கும் அரசு மருத்துவமனை வாசலிலேயே, ஒரு முன்மாதிரி இருபது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்தபிறகும் சில பெண்கள் கருத்தரிப்பதுண்டு. எவ்வளவு திறமையாகச் செய்தாலும் சிறு விழுக்காடு அப்படித் தோற்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. பழைய முறையில் அந்தப் பெண், மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபித்தாக வேண்டும். 2005இல் பஞ்சாப் மாநில அரசு எதிர் சிவ் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், அறுவை சிகிச்சை தோற்றது என்பதாலேயே மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியாது என்றது. அதோடு நின்றுவிடாமல், இத்தகைய பெண்களுக்கு உதவ நல நிதியோ காப்பீடோ ஏற்படுத்துவது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு, ரமாகாந்த் ராய் என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் காப்பீட்டுக்கு உத்தரவே பிறப்பித்தது. 2005 நவம்பரில் குடும்ப நலக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. பின்னர் திருத்தப்பட்ட அளவுகளின்படி, அறுவை சிகிச்சையின்போதோ வீடு திரும்பி ஏழு நாட்களுக்குள்ளோ மரணம் நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய், சிகிச்சை தோற்றால் 30,000 ரூபாய், பின்விளைவு ஏற்பட்டால் மருத்துவச் செலவுக்கு 25,000 ரூபாய்வரை என்று வகுத்தார்கள். மருத்துவர்மீது வழக்கு வந்தால் அவர் சார்பில் ஒரு வழக்குக்கு 2 லட்சம்வரை, ஆண்டுக்கு நான்கு வழக்குகள்வரை ஏற்கவும் அதே திட்டம் வழிசெய்தது. 2013 முதல் காப்பீட்டு நிறுவனத்தை விட்டு மாநிலங்களே நேரடியாக நடத்தும் திட்டமாக அது மாறியது. தொகை சிறியது என்பது உண்மை. ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். நோயாளிக்குத் தவறை நிரூபிக்காமலே பணம், மருத்துவருக்கு வழக்கிலிருந்து காப்பு, இரண்டும் ஒரே திட்டத்தில்.

நான் முன்வைப்பது இந்த அமைப்பை மற்ற சிகிச்சைகளுக்கும் விரிக்க வேண்டும் என்பதே. மூன்று கூறுகளாக அதைச் சொல்லலாம். முதலாவது, மருத்துவமனையாக இயங்கும் ஒவ்வொரு இடமும் தன்னிடம் பணிபுரியும் அனைவரையும் உள்ளடக்கிய பொறுப்புக் காப்பீட்டை எடுத்தாக வேண்டும். கவனக்குறைவு பெரும்பாலும் ஒருவரிடத்தில் முடிவதில்லை. செவிலியர் பற்றாக்குறை, கைமாறும் பொறுப்பு, வேலை செய்யாத கருவி என்று பலவற்றின் கூட்டு விளைவு அது. ஆகவே காப்பும் நிறுவனத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். இரண்டாவது, தவிர்த்திருக்கக்கூடிய பெரிய பாதிப்பு என்று மருத்துவர் குழு ஒன்று கருதினால், யார் குற்றவாளி என்று தேடாமலே, முதற்கட்ட நிவாரணம் குறிப்பிட்ட மாதங்களுக்குள் போய்ச்சேர வேண்டும். அதற்குமேல் கோருபவர் நீதிமன்றம் போகும் உரிமை அப்படியே இருக்கட்டும். மூன்றாவது, நோயாளிக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் நேரடி உரிமை வேண்டும். நம் மோட்டார் வாகனச் சட்டம் இதைத்தான் செய்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி தெருவுக்கு வரக்கூடாது. வண்டி உரிமையாளர் நிபந்தனையை மீறியிருந்தால்கூட, பல நேரங்களில் நிறுவனம் முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. போபால் பேரழிவுக்குப் பிறகு 1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், அபாயகரமான பொருட்களைக் கையாளும் ஆலைகளுக்கும் இதே கடமையை விதித்தது. தெருவில் வண்டியோட்டுவதற்கும் ஆலை நடத்துவதற்கும் உள்ள கடமை, உடலைத் திறந்து அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கு இல்லை என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுக்கு வருகிறேன். முதல் ஆட்சேபம், காப்பீடு இருந்தால் மருத்துவர்கள் அசட்டையாகிவிடுவார்கள் என்பது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில், ஒரே நாளில் எண்பதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டு, பதின்மூன்று பெண்கள் இறந்தார்கள். நான் மெச்சிய அதே திட்டம் நாடெங்கும் நடைமுறையில் இருந்த காலம் அது. பணம் கொடுத்துக் கோப்பை மூடிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு அதைவிடக் கசப்பான பாடம் இல்லை. ஆனால் காப்பீட்டுக் கோப்பை மூடாமல் திறந்து படித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க மயக்க மருத்துவர்களின் சங்கம் 1980களின் நடுவில், காப்பீட்டு நிறுவனங்களிடம் இருந்த முடிந்துபோன வழக்குக் கோப்புகளைத் திரட்டிப் படிக்கத் தொடங்கியது. மூச்சு தொடர்பான விபத்துகளே மரணங்களுக்கும் மூளைச் சேதத்துக்கும் பெரும் காரணம் என்பது அந்தக் கோப்புகளில் தெரிந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு அளவையும் இடைவிடாது கண்காணிக்கும் கருவிகள் அறுவை அரங்கின் வழக்கமாயின. மயக்க மருந்தால் நேரும் மரணங்கள் குறைந்தன. மற்றத் துறையினரின் பிரீமியம் ஏறியபோது மயக்க மருத்துவர்களின் பிரீமியம் இறங்கியது. ஆகவே என் திட்டத்தில் ஒரு கட்டாய நிபந்தனை உண்டு. ஒவ்வொரு கோரிக்கையின் விவரமும், பெயர்களை நீக்கிவிட்டு, மாநில அளவில் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஆண்டுதோறும் ஆராயப்பட வேண்டும். திரும்பத் திரும்பக் கோரிக்கை வரும் மருத்துவமனையின் பிரீமியம் ஏற வேண்டும். தனிமனிதரின் பயத்தைவிட நிறுவனத்தின் செலவுக் கணக்கு பாதுகாப்பை விரைவாகக் கொண்டுவரும்.

இரண்டாவது ஆட்சேபம், பணம் இருக்கிறது என்று தெரிந்தால் பொய்க் கோரிக்கைகள் குவியும், அதற்குப் பயந்து மருத்துவர்கள் தேவையில்லாத ஸ்கேனும் பரிசோதனையும் எழுதித் தள்ளுவார்கள், செலவெல்லாம் நோயாளியின் பில்லில் வந்து விழும் என்பது. பயத்தால் எழுதப்படும் பரிசோதனைகள் இன்றே, கட்டாயக் காப்பீடு இல்லாத நிலையிலேயே இருக்கின்றன. அந்தப் பயத்தின் ஊற்று எங்கே என்று பார்க்க வேண்டும். இழப்பீட்டுத் தொகையைப் பாலிசி தாங்கிக்கொள்ளும். காவல் நிலையம், பத்திரிகைச் செய்தி, ஆண்டுக்கணக்கில் ஆணையத்துக்கு அலைச்சல் ஆகியவற்றை எந்தப் பாலிசியும் தாங்காது. மருத்துவரைக் குற்றவாளியாக்கினால்தான் பணம் என்ற விதி இருக்கும்வரை, பணம் தேவைப்படும் குடும்பம் மருத்துவரைக் குற்றவாளியாக்கத்தான் முயலும். அந்த விதியைத் தளர்த்தினால் பயத்தின் பெரும்பகுதி தளரும். பொய்க் கோரிக்கையை வடிகட்ட, முன்பே அறிவிக்கப்பட்ட பாதிப்புப் பட்டியலும் மருத்துவர் குழுவின் ஆய்வும் போதும். தொகை விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. கலிபோர்னியா மாநிலம் 1975இல், வலி வேதனை முதலியவற்றுக்கான இழப்பீட்டுக்கு 2,50,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும், 2022இல் சட்டம் திருத்தப்படும்வரை அந்த எண் அசையவில்லை. நம்முடைய 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் மரணத்துக்கு வைத்த 25,000 ரூபாயும் நெடுங்காலம் அப்படியே கிடந்து மதிப்பிழந்தது. எனவே முதற்கட்ட நிவாரணத் தொகையை விலைவாசிக் குறியீட்டோடு இணைத்துவிட வேண்டும். அதை இறுதி வரம்பாக ஆக்கிவிடவும் கூடாது.

மூன்றாவது ஆட்சேபம் நோயாளிகளின் பக்கத்திலிருந்து வருகிறது. யார் தவறு என்றே கேட்காமல் பணம் கொடுத்தால் தவறு செய்தவர் தப்பிவிடுவாரே என்கிறார்கள். இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்புகின்றன. பாதிக்கப்பட்டவருக்கு உதவி வேண்டுமா என்பது ஒரு கேள்வி. தவறு செய்தவர் தொழிலில் தொடரலாமா என்பது வேறு கேள்வி. நியூசிலாந்து 1974 முதல், விபத்தால் வரும் காயம் எதுவானாலும் வழக்குக்குப் போகாமல் பொது நிதியிலிருந்து ஈடு தரும் முறையை நடத்துகிறது. முன்பு மருத்துவக் காயத்துக்கு மட்டும், மருத்துவர் தவறினாரா அல்லது மிக அரிதான விளைவா என்ற ஆராய்ச்சி இருந்தது. 2005இல் அந்தத் தேவையையும் நீக்கி, சிகிச்சையால் நேர்ந்த காயமா என்று மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள். மருத்துவரின் நடத்தையை விசாரிக்க அங்கே வேறு அமைப்புகள் உண்டு. சுவீடன் 1975இல் நோயாளிக் காப்பீட்டைத் தொடங்கிப் பின்னர் சட்டமாக்கியது. அனுபவமுள்ள மருத்துவர் ஒருவரால் தவிர்த்திருக்கக்கூடிய காயமா என்பதே அங்கே அளவுகோல். நம்மிடமும் ஒழுங்கு நடவடிக்கைக்கு மாநில மருத்துவ கவுன்சில் இருக்கிறது; மிக மோசமான அலட்சியத்துக்குக் குற்றவியல் சட்டம் இருக்கிறது. இழப்பீட்டு வழக்கின் சுமையை இறக்கிவைத்தால், மருத்துவ கவுன்சில் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று கேட்க நமக்கு நேரமும் தெளிவும் கிடைக்கும். இன்று பணத்துக்கான சண்டையே தண்டனையாகவும் இருந்துவிடுவதால், அந்தக் கேள்வியை யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

நான்காவது ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. பத்துப் படுக்கை வைத்திருக்கும் சிற்றூர் நர்சிங் ஹோம் இந்தச் செலவைத் தாங்குமா? அரசு மருத்துவமனைக்கு யார் பிரீமியம் கட்டுவது? சிறிய இடங்களுக்குப் படுக்கை எண்ணிக்கையையும் செய்யும் சிகிச்சையின் ஆபத்தையும் வைத்துப் பிரீமியம் அமைக்கலாம். கூட்டாக ஒரே பாலிசி எடுக்கவும் வழி வைக்கலாம். மருத்துவர்கள் தாங்களே நிதி திரட்டி ஒருவரையொருவர் காத்துக்கொள்ளும் பழக்கம் புதிதும் இல்லை. லண்டனில் 1885இல் தொடங்கிய மருத்துவர் பாதுகாப்புச் சங்கம் அப்படிப் பிறந்ததுதான். இந்திய மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளைகளிலும் இத்தகைய திட்டங்கள் உண்டு. அரசு மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, எழும்பூர் வழக்கு காட்டுவதுபோல் அரசு எப்படியும் கொடுக்கத்தான் போகிறது; இன்று அதை இருபது ஆண்டு தள்ளி, வழக்குச் செலவோடு சேர்த்துக் கொடுக்கிறது. பிரிட்டன் 1990இல் பொது மருத்துவமனை மருத்துவர்களின் பொறுப்பை அரசே ஏற்றது. 1995இல் அதற்கென ஒரு தனி அமைப்பையும் நிறுவியது. இன்று அங்கே அந்தச் செலவு ஆண்டுக்கு 200 கோடி பவுண்டைத் தாண்டி நிற்கிறது என்பதை நான் மறைக்க மாட்டேன். அது ஒரு முக்கியமான பாடம். அங்கே நிதியைப் பொதுவாக்கினார்களே தவிர, தவறை நிரூபிக்க வேண்டிய வழக்கு முறையை மாற்றவில்லை. மேலும், அந்தத் தொகையின் கணிசமான பகுதி பிரசவத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் வாழ்நாள் பராமரிப்புக்கானது. நம் நாட்டில் அந்தச் செலவு இல்லாமல் போய்விடவில்லை. அது எந்த அரசுக் கணக்கிலும் ஏறாமல், நகையை அடகுவைத்த தாய்மார்களின் கணக்கில் இருக்கிறது. முற்றிலும் இலவச மருத்துவமனைக்கு வருபவர் நுகர்வோரா இல்லையா என்ற சட்டச் சிக்கலும் இதனால் தீரும். ஏனெனில் நிவாரணம் கட்டணத்தைப் பொறுத்து இராமல் பாதிப்பைப் பொறுத்து வரும்.

மருத்துவர்களுக்கு இதில் பணத்துக்கு அப்பாலும் ஓர் ஆதாயம் உண்டு. பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற பாலிசி நிபந்தனையை முன்பே குறிப்பிட்டேன். அதன் விளைவாக, ஏதோ தவறிப்போனதும் மருத்துவர் குடும்பத்தாரைச் சந்திக்கவே தயங்குகிறார். கேஸ் ஷீட் பூட்டுக்குள் போகிறது. விளக்கம் சொல்ல வேண்டியவர் வழக்கறிஞரின் அறிவுரைப்படி வாய்மூடி இருக்கிறார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொன்னாலும் நிலைமை இதுதான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் இதற்கு நேர்மாறான வழியைக் கைக்கொண்டது. தவறு நேர்ந்தால் தானே முன்வந்து சொல்வது, வருத்தம் தெரிவிப்பது, ஈடு தருவது, தவறு இல்லையென்றால் உறுதியாக வாதாடுவது என்று முடிவெடுத்தது. அதற்குப் பிறகு அங்கே புதிய கோரிக்கைகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பேசினால் வழக்கு பெருகும் என்ற அச்சத்தை அந்த அனுபவம் பொய்யாக்கியது. கட்டாயக் காப்பீட்டுச் சட்டம் வரும்போது, வருத்தம் தெரிவிப்பதும் நடந்ததை விளக்குவதும் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது, அதைக் காரணம் காட்டிக் காப்பை மறுக்கவும் முடியாது என்ற ஒரு வரி அதில் இடம்பெற வேண்டும்.

இந்த வரி எவ்வளவு அவசரம் என்பதை நம் மருத்துவமனைகளில் நடக்கும் வன்முறை சொல்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராக 2008இலேயே தனிச் சட்டம் வந்தது. அதன்பிறகும் 2024 நவம்பரில், கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர், தன் தாய்க்குச் சரியான சிகிச்சை தரப்படவில்லை என்று கருதிய இளைஞரால் கத்தியால் குத்தப்பட்டார். அந்தச் செயலுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் சட்டத்தைக் கடுமையாக்குவதும் வாசலில் காவலரை நிறுத்துவதும் மட்டுமே விடை என்று நினைத்தால், கோபம் பிறக்கும் இடத்தை நாம் பார்க்கத் தவறுகிறோம். என்ன நடந்தது என்று சொல்ல ஒருவர், குறை சொல்ல ஓர் இடம், குறை உண்மையென்றால் விரைவில் ஓர் ஈடு. இந்த மூன்றும் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊரில் பரவினால், சந்தேகம் கோபமாக முற்றுவது குறையும். மருத்துவர்கள் இன்று வாங்கும் பாலிசி, நீதிமன்றத்துக்குள் நுழைந்தபிறகே அவர்களுக்குத் துணை வருகிறது. அவர்களுக்குத் துணை தேவைப்படுவது அதற்கு வெகு முன்னால், வார்டு வாசலில்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்துவிட முடியாது. ஆனால் தொடங்குமிடம் நம் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும், பணியாளர் அனைவரையும் உள்ளடக்கிய பொறுப்புக் காப்பீட்டை நிபந்தனையாக்கலாம். பாலிசி எண்ணையும் காப்புத் தொகையையும் வரவேற்பறையில் எழுதிவைக்கச் சொல்லலாம். நிரூபணம் கேட்காத முதற்கட்ட நிவாரணத்தை எல்லாச் சிகிச்சைக்கும் உடனே கொண்டுவருவது கடினம் என்றால், பிரசவத்திலிருந்து தொடங்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை இருபது ஆண்டுகள் நடத்திய அனுபவம் மாவட்ட அளவிலான அலுவலர்களிடம் இருக்கிறது. அதே அலுவலகம், அதே நடைமுறை, பெரிய தொகை, இன்னொரு சிகிச்சை, அவ்வளவுதான் வேண்டும். மருத்துவர் சங்கங்கள் இதை எதிர்த்து நிற்காமல் தாங்களே கோரிக்கையாக எடுத்துச்செல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். நுகர்வோர் வழக்கிலிருந்து விலக்கு கேட்டு 1995 முதல் நீதிமன்றப் படிகளில் ஏறிய ஒவ்வொரு முறையும் மருத்துவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறார்கள். நோயாளிக்கு முதலில் உரிமையை உறுதிசெய்து, அதன் பயனாக வழக்குகள் குறையும் பாதை ஒன்றுதான் இங்கே இன்னும் முழுமையாக முயன்று பார்க்கப்படாமல் இருக்கிறது. அதைக் கேட்கும் தகுதி மற்ற எவரையும்விட மருத்துவர்களுக்கே அதிகம். அவர்கள் கேட்டால் அரசால் தட்டிக்கழிக்க முடியாது.